பஸ்ஸுக்குள் நாற்றம் வருமா?

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சாக்கடைக் கழிவிலிருந்து எடுத்த வாயுவில் ஒரு பஸ் ஓடியது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, “இந்த மாதப் பகுதியை இதற்கே கொடுத்துவிடுங்கள்” என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்கும் பிடித்த விஷயம்தான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், அதே வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் கேஸ் இன்ஜினைக் கட்டி மேய்த்தவன் நான். பணியில் இருந்தவரை சொந்தக்காரர்கள்கூட என் வேலையைப் பற்றி விசாரித்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்கக் கூடாத விஷயம் என்று நினைத்திருப்பார்கள். இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

அந்த பஸ்ஸில் ஏறினால் நாற்றம் அடிக்காதா சார்?
– ஓர் இல்லத்தரசி, மன்னார்குடி

பாதிக் கடிதங்களில் இதுதான் கேள்வி. அடிக்காது அம்மா. சாக்கடை நாற்றத்துக்கு முக்கியக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு. அது இன்ஜினை அரித்துவிடும் என்பதால் வண்டிக்குப் போவதற்கு முன்பே அதை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுகிற மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே என்று அப்புறம் வேண்டுமென்றே ஒரு நெடியைக் கலக்கிறார்கள். உங்கள் வீட்டு சிலிண்டரிலும் அதே ஏற்பாடுதான். ஆகவே அப்படி ஒரு பஸ்ஸில் நெடி அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்காராதீர்கள், டிரைவரிடம் சொல்லுங்கள்.

பிரிஸ்டல்காரர்கள் இந்தக் கிண்டலையெல்லாம் எதிர்பார்த்தே இறங்கினார்கள். 2014 நவம்பரில் பிரிஸ்டல் விமான நிலையத்துக்கும் பாத் நகரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய 40 இருக்கை பஸ் அது. பக்கவாட்டில் ஆட்கள் வரிசையாகக் கழிப்பறைக் கோப்பையில் உட்கார்ந்திருப்பது போலப் பெரிய படம். 2015 மார்ச்சில் நகரத்துக்குள் 2-ஆம் எண் வழித்தடத்தில் விட்டார்கள். ஆமாம், 2-ஆம் எண்தான்; ஆங்கிலத்தில் ‘நம்பர் டூ’ என்றால் மலம் கழிப்பது. நாமே சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

கழிவுநீரிலிருந்து கேஸ் எப்படி வருகிறது? பிள்ளைகளுக்குச் சொல்லும்படி எளிமையாகச் சொல்லுங்கள்.
– பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

சாக்கடைத் தண்ணீரில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான் என்பதை முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நிலையத்துக்கு வரும் தண்ணீரைப் பெரிய தொட்டிகளில் அசையாமல் நிறுத்தினால் கனமானது அடியில் படியும். மிச்சத் தண்ணீருக்குள் காற்றை ஊதினால் நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று, அவையும் அடியில் படியும். இந்த இரண்டு படிவுகளையும் சேர்த்து ஸ்லட்ஜ் என்போம். கறுப்பான, கூழ் போன்ற சேறு.

இந்த ஸ்லட்ஜைக் காற்றுப் புகாத பெரிய தொட்டிக்குள் பம்ப் செய்கிறோம். அதற்குப் பெயர் டைஜெஸ்டர். உள்ளே 35 முதல் 37 டிகிரி சூடு, தொடர்ந்து மெதுவாகக் கலக்கல், ஏறக்குறைய 20 நாள் வாசம். ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் கொழுப்பையும் புரதத்தையும் உடைத்து அமிலமாக்கும். கடைசியாக வருகிற கூட்டம் அந்த அமிலத்திலிருந்து மீத்தேன் உண்டாக்கும். இந்தக் கடைசிக் கூட்டம் பயங்கர முன்கோபி. சூடு இரண்டு டிகிரி சட்டென்று மாறினாலும், அமிலம் கூடினாலும், யாராவது சாயப்பட்டறைத் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிட்டாலும் வேலையை நிறுத்திவிடும். திரும்பச் சமாதானப்படுத்த வாரக்கணக்கில் ஆகும்.

மேலே சேர்கிற வாயுவில் 60 முதல் 65 சதவீதம் மீத்தேன். மிச்சத்தில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்ஸைடு. கூடவே ஈரம், கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஸ்வீடனில் இருப்பது போன்ற குளிருக்கு டைஜெஸ்டரைச் சூடாக்கவே கணிசமான ஆற்றல் செலவாகும். நம் ஊரில் சித்திரை மாதத்தில் அந்தக் கவலை இல்லை.

வருகிற கேஸை அப்படியே பஸ் சிலிண்டரில் அடைத்துவிட வேண்டியதுதானே? இதற்கு ஏன் கோடிக்கணக்கில் செலவு?
– மெக்கானிக் ஷாப் உரிமையாளர், நாமக்கல்

நீங்கள் மெக்கானிக் என்பதால் உங்களுக்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் கேஸ் இன்ஜின் அடிக்கடி மிஸ்ஃபயர் ஆனது. ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பார்த்தோம், சில வாரங்களில் திரும்பவும் அதே கதை. கடைசியில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். வால்விலும் பிஸ்டன் தலையிலும் வெள்ளைவெளேரென்று ஒரு படிவு. ஃபிட்டர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “சார், யாரோ உள்ளே விபூதி கொட்டியிருக்காங்க” என்றார். நகத்தால் சுரண்டினால் வரவில்லை; திருப்புளியால் குத்தினால் சில்லாகப் பெயர்ந்தது. சிலிண்டரின் உள்சுவரான லைனரில் நெடுக்காகக் கீறல்கள்.

அது மணல்தான் ஐயா, சிலிக்கா. ஷாம்பு, கண்டிஷனர், முகத்துக்குப் பூசும் கிரீம் என்று பலவற்றில் சிலிக்கன் சேர்ந்த சிலாக்ஸேன் என்ற பொருட்கள் உண்டு. தலைக்குக் குளித்த தண்ணீரோடு அவை சாக்கடைக்கு வந்து, ஸ்லட்ஜில் ஒட்டி, டைஜெஸ்டர் சூட்டில் ஆவியாகி கேஸோடு கலந்துவிடும். இன்ஜினுக்குள் எரியும்போது சிலிக்காவாகப் படியும். சாண எரிவாயுவில் இந்தத் தொல்லை கிடையாது, மாடு ஷாம்பு போடுவதில்லை. சாக்கடை கேஸுக்கே உரிய வியாதி இது. ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய தொட்டி வழியாக கேஸைச் செலுத்தினால் பிடிபடும். ஆனால் அந்தக் கரியைக் குறித்த கெடு தவறாமல் மாற்ற வேண்டும். டெண்டர் தாமதம் என்று ஒரு சுற்று தள்ளிப்போட்டால் இன்ஜின்தான் விலை கொடுக்கும்.

அடுத்தது ஈரம். டைஜெஸ்டரிலிருந்து சூடாக வரும் கேஸ், குழாயில் குளிர்ந்ததும் தண்ணீராக வடியும். காலையில் ஷிஃப்டுக்கு வந்தவுடன் தாழ்வான இடங்களில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்துவிடுவது எங்கள் வழக்கம். அந்தத் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரைந்திருந்தால் இரும்புக் குழாய் எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய வேலை கார்பன் டை ஆக்ஸைடை எடுப்பது. எரியாத வாயுவை 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அடைத்துச் சுமந்துகொண்டு ஓடுவதில் யாருக்கு என்ன லாபம்? அதைப் பிரிக்கப் பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது தண்ணீரால் கழுவுவது. உயரமான ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து 8 அல்லது 10 பார் அழுத்தத்தில் கேஸ் ஏறும், மேலிருந்து தண்ணீர் இறங்கும். அழுத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரில் நன்றாகக் கரையும். சோடாவே அப்படித்தான் உண்டாகிறது. மீத்தேன் அவ்வளவாகக் கரையாது, மேலே வந்துவிடும். ஸ்வீடனில் இப்படி 97 சதவீத மீத்தேன் வரை சுத்தம் செய்கிறார்கள். வாகனத்துக்கான நம் இந்தியத் தரநிர்ணயம் குறைந்தது 90 சதவீதம் கேட்கிறது. கழிவுநீர் நிலையத்தில் சுத்தம் செய்த தண்ணீருக்கா பஞ்சம்? அங்கே இந்த முறை ஏற்றது. சவ்வு வழியாக வடிகட்டும் முறையும் இப்போது பரவலாக வந்துவிட்டது. இடம் குறைவாகப் பிடிக்கும்.

இதற்கெல்லாம் அப்புறம் கம்ப்ரெஸர், சேமிப்பு சிலிண்டர்கள், நிரப்பும் பங்க். நீங்கள் சொன்ன கோடிகள் இங்கேதான் போகின்றன. ஊர் கொடுக்கும் அழுக்கு இலவசம், அதைத் துடைப்பதற்குத்தான் காசு.

ஒரு மனிதனின் ஒரு வருடக் கழிவில் பஸ் 60 கி.மீ. ஓடும் என்று படித்தேன். கணக்கு இடிக்கிறதே?
– ஓய்வுபெற்ற தணிக்கையாளர், திருப்பூர்

இடிக்கத்தான் செய்யும். பிரிஸ்டல் பஸ்ஸுக்காகச் சொல்லப்பட்ட கணக்கு அது. ஐந்து பேரின் ஒரு வருடக் கழிவில் ஒரு டேங்க் நிரம்பும், ஒரு டேங்கில் 300 கி.மீ. போகலாம் என்றார்கள். அதில் கழிப்பறைக் கழிவோடு சாப்பாட்டுக் கழிவும் அடக்கம் என்பதைப் பலர் விட்டுவிட்டுப் பகிர்ந்தார்கள். பிரிஸ்டலை ஒட்டிய ஏவன்மவுத்தில் இருக்கும் அந்த நிலையம் சாக்கடை நீரோடு வருடத்துக்கு 35,000 டன் உணவுக் கழிவையும் வாங்கிக்கொள்கிற இடம்.

நான் கைக்கணக்காகப் போடுவது இப்படி. நன்றாக இயங்கும் நிலையத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் கேஸ் கிடைக்கும். வருடத்துக்கு 7,300 லிட்டர், அதில் மீத்தேன் ஏறக்குறைய 4,500 லிட்டர். எடை போட்டால் 3 கிலோவும் கொசுறும். நம் ஊர்ப் பெரிய சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) பஸ் கிலோவுக்கு 3 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கழிப்பறைக் கழிவு மட்டும் ஒரு ஆளுக்கு வருடத்துக்குப் பத்து கி.மீ. தரும். வீட்டு உணவுக் கழிவையும் சேர்த்தால் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டும். 60 என்பது எனக்கு எப்படிக் கூட்டினாலும் வரவில்லை. விளம்பரத்தில் கொஞ்சம் தாராளம் இருக்கும்தானே.

ஊர்க் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஒரு லட்சம் பேர் சாக்கடை இணைப்போடு இருக்கும் ஊரில் தினமும் 850 கிலோ மீத்தேன் வரை கிடைக்கலாம். நாளுக்கு 200 கி.மீ. ஓடும் 12 பஸ்களுக்குப் போதும். மொத்த ஊரையும் ஏற்றிச் செல்லாது. ஆனால் தூக்கிப் போடும் கணக்கும் அல்ல.

நம் ஊரில் இந்த 20 லிட்டர்கூடச் சுலபத்தில் வராது என்பதையும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் செப்டிக் டேங்க்கைத் தாண்டித்தான் கழிவு சாக்கடைக்குப் போகிறது. தின்ன வேண்டியதைப் பாதி அங்கேயே நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. மழைத் தண்ணீரும் மணலும் சேர்ந்து வருவது தனிக்கதை.

இதை முதலில் யார் கண்டுபிடித்தார்கள்?
– போட்டித் தேர்வு எழுதுபவர், பரமக்குடி

கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது தம்பி. 1895-இலேயே இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் கழிவுத்தொட்டி கேஸில் விளக்கு எரித்தார்கள். 1897 வாக்கில் நம் பம்பாயில், மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தின் கழிவுத்தொட்டியிலிருந்து கேஸைப் பிடித்துப் பயன்படுத்தியதாகப் பதிவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காத ஜெர்மனியில் சாக்கடை கேஸை சிலிண்டரில் அடைத்து வண்டி ஓட்டினார்கள். போர் முடிந்து எண்ணெய் மலிவானதும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். திரும்ப நினைவு வந்தது 1990-களில். பிரான்ஸின் லில் நகரம் அந்தச் சமயத்தில் சாக்கடை கேஸில் பஸ் ஓட்டிப் பார்த்த ஊர்களில் ஒன்று.

ஏன் இதில் எப்போதும் ஸ்வீடன் பெயரே அடிபடுகிறது?
– கூட்டுறவு வங்கி ஊழியர், தேனி

நல்ல கேள்வி. அவர்கள் ரொம்ப நல்லவர்கள் என்பது காரணமல்ல. டைஜெஸ்டர் கேஸைக் கொண்டு சுலபமாகச் செய்யக்கூடியது மின்சாரம். ஆனால் ஸ்வீடனில் நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் தாராளம், விலையும் மலிவு. கேஸில் மின்சாரம் எடுத்து விற்றால் கட்டுப்படியாகாது. நாடு முழுக்கப் போகும் இயற்கை எரிவாயுக் குழாயும் அவர்களுக்குக் கிடையாது, மேற்குக் கரையோரம்தான் உண்டு. ஆக, உள்ளூரில் உண்டாகும் கேஸை உள்ளூரிலேயே நல்ல விலைக்கு யார் வாங்குவார்கள் என்று பார்த்தார்கள். பெட்ரோலும் டீசலும் போட்டவன்தான் வாங்குவான். அரசாங்கமும் வரியைத் தள்ளுபடி செய்தது. இன்று அங்கே உண்டாகும் பயோகேஸில் (இப்படிக் கழிவிலிருந்து வரும் கேஸுக்குப் பொதுப்பெயர்) பாதிக்கும் மேல் சுத்தம் செய்யப்பட்டு வாகனத்துக்குத்தான் போகிறது. பக்கத்திலேயே ஜெர்மனியில் 2000-க்குப் பிறகு, பயோகேஸ் மின்சாரத்துக்கு அரசு உறுதியான கொள்முதல் விலை கொடுத்தது. அங்கே எல்லாரும் மின்சாரத்துக்கே போனார்கள். அதே கேஸ், வேறு பில்.

ஸ்டாக்ஹோமின் ஹென்ரிக்ஸ்டால் நிலையத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனமில்லை. 1941-இல் தொடங்கிய அந்த நிலையம் பாறை மலைக்குள் குடைந்து கட்டப்பட்டது. மேலே அடுக்குமாடி வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கீழே சுரங்கத்துக்குள் அவர்கள் நகரத்தின் கழிவு சுத்தமாகிறது. அந்த கேஸில் நகரப் பஸ்கள் ஓடின. லின்ஷோப்பிங் என்ற ஊர் 2002-இல் தன் நகரப் பஸ்கள் அத்தனையையும் பயோகேஸுக்கு மாற்றியது. 2005-இல் பயோகேஸில் ஒரு ரயிலையே விட்டார்கள். அந்த ஊர் கேஸில் பெரும்பங்கு இறைச்சிக்கூடக் கழிவிலிருந்து வந்தது, சாக்கடை மட்டுமல்ல.

கார், ஆட்டோவுக்கெல்லாம் கொடுக்காமல் ஏன் பஸ்ஸுக்கே கொடுக்கிறார்கள்?
– ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

பொறாமைப்படாதீர்கள், காரணம் இருக்கிறது. சாக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. கேஸ் வந்துகொண்டே இருக்கும். நிலையத்தில் இருக்கும் கேஸ் ஹோல்டரில் சில மணி நேரத்து உற்பத்தியை வைக்கலாம், அவ்வளவுதான். யாரும் எடுக்கவில்லை என்றால் ஃப்ளேர் குழாயில் சும்மா எரித்துவிட வேண்டும். சும்மா வெளியே விடவும் கூடாது. வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் மீத்தேன், கார்பன் டை ஆக்ஸைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு பொல்லாதது.

அப்படியானால் தினமும் அதே அளவு, அதே இடத்தில் வாங்குகிற வாடிக்கையாளர் வேண்டும். ஆட்டோ எப்போது வரும், எந்தப் பங்க்குக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? பஸ் இரவானால் டிப்போவுக்கு வந்தே தீரும். மறுநாள் எத்தனை கி.மீ. ஓடும் என்பது முதல் நாளே தெரியும். இரவு முழுக்க மெதுவாக நிரப்பலாம், அதற்குச் சின்ன கம்ப்ரெஸர் போதும். குப்பை லாரியும் இந்த ரகம்தான். அமெரிக்காவின் கொலராடோவில் கிராண்ட் ஜங்ஷன் என்ற சின்ன ஊர், கழிவுநீர் நிலையத்தில் எரித்து வீணாக்கிய கேஸைச் சுத்தம் செய்து, 9 கி.மீ. அளவுக்குக் குழாய் போட்டு, 2015 முதல் நகராட்சி லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ஊற்றுகிறது. நான் எந்தத் திட்ட அறிக்கையைப் படித்தாலும் முதலில் பார்ப்பது டைஜெஸ்டரின் கொள்ளளவை அல்ல. டிப்போ எத்தனை தூரத்தில் இருக்கிறது, வாங்கும் ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்பதைத்தான்.

இழுவை எப்படி இருக்கும்? கூரைமேல் சிலிண்டரை வைத்துக்கொண்டு ஓட்டப் பயமாக இருக்காதா?
– அரசுப் பேருந்து ஓட்டுநர், திண்டுக்கல்

சுத்தம் செய்த பிறகு இதற்கும் சி.என்.ஜி.க்கும் இன்ஜினுக்கு வித்தியாசம் தெரியாது. டெல்லியில் நீதிமன்ற உத்தரவால் 2002 வாக்கிலேயே பஸ்கள் சி.என்.ஜி.க்கு மாறிவிட்டன, அந்த ஓட்டுநர்களின் அனுபவம் அப்படியே பொருந்தும். டீசல் போல வெறும் அமுக்கத்தில் மீத்தேன் பற்றிக்கொள்ளாது, அதற்கு 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால் ஸ்பார்க் பிளக் வைத்த இன்ஜின். சத்தம் குறைவு, கரும்புகை இல்லை. கீழ் ஆர்.பி.எம்.மில் டீசலின் இழுவை இருக்காது. கொடைக்கானல் மலைப்பாதையில் உங்களுக்கு அது தெரியும், ஊருக்குள் அவ்வளவாகத் தெரியாது.

பயத்தைப் பற்றி: மீத்தேன் காற்றில் பாதி எடைதான், கசிந்தால் மேலே போய்விடும். சமையல் எரிவாயு போலத் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்காது. கூரைமேல் சிலிண்டர் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் டிப்போ ஷெட்டின் கூரையில் காற்றுப்போக்கி இல்லாவிட்டால் அந்த நன்மையே தீமையாகிவிடும். சிலிண்டர்களை மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும் என்பது நம் விதி. உங்கள் வண்டியில் தேதி முத்திரையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கூரை சிலிண்டர் உள்ள வண்டிக்கு உயரம்தான் எமன். 2019 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் ஒரு கேஸ் பஸ், சுரங்கப்பாதை நுழைவில் இருந்த உயரத் தடுப்பில் மோதி, கூரையில் இருந்த டேங்க் வெடித்துத் தீப்பிடித்தது. உள்ளே பயணிகள் இல்லை. ஓட்டுநர் காயத்தோடு தப்பினார். ரயில்வே பாலத்துக்கு அடியில் போகும் பழக்கமான பாதையென்றாலும், புது வண்டி கொடுத்தால் அதன் உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி என்று எத்தனை நிலையங்கள்! அந்த கேஸ் எங்கே போகிறது? மாநகரப் பஸ்ஸுக்கு ஏன் கொடுப்பதில்லை?
– கல்லூரிப் பேராசிரியர், பெரம்பூர்

வீணாகப் போகவில்லை. கொடுங்கையூர், நெசப்பாக்கம், கோயம்பேடு, பெருங்குடி நிலையங்களில் கேஸ் இன்ஜின் வைத்து மின்சாரம் எடுத்து, அந்த நிலையத்துக்கே பயன்படுத்துவது பல வருடங்களாக நடக்கிறது. காற்று ஊதும் இயந்திரங்கள் மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்கும். அதில் கணிசமான பகுதியை இந்த கேஸ் ஈடுகட்டுகிறது. அதை எடுத்துப் பஸ்ஸுக்குக் கொடுத்தால் நிலையம் அந்த மின்சாரத்தை வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு பாக்கெட்டில் எடுத்து இன்னொரு பாக்கெட்டில் வைக்கிற வேலை. புதிதாகக் கட்டும் நிலையம், பக்கத்திலேயே சி.என்.ஜி. டிப்போ என்று இருந்தால் யோசிக்கலாம். தமிழ்நாட்டில் அரசுப் பஸ்கள் சிலவற்றை சி.என்.ஜி.க்கு மாற்றிப் பார்ப்பதும் 2024-இல்தான் தொடங்கியது.

இந்தியாவில் முன்னுதாரணம் வேண்டுமென்றால் இந்தூர். ஆனால் அது சாக்கடை அல்ல, வீட்டு ஈரக் குப்பை. 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை, தினமும் 550 டன் குப்பையிலிருந்து 17,000 கிலோ வரை கேஸ் எடுக்கும்படி கட்டப்பட்டது. நகரப் பஸ்களும் வாங்குகின்றன. அங்கே வெற்றியின் ரகசியம் இயந்திரத்தில் இல்லை. வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

எலெக்ட்ரிக் பஸ் வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் தேவையா?
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

நானே இந்தக் கேள்வியை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். ஒரு கிலோ மீத்தேனில் ஏறக்குறைய 14 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதை நல்ல கேஸ் இன்ஜினில் எரித்தால் 5 யூனிட் மின்சாரம் கிடைக்கும். கம்பி, சார்ஜர், பேட்டரி என்று இழப்புகளைக் கழித்து 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வண்டிக்குப் போய்ச் சேரும். எலெக்ட்ரிக் பஸ் கி.மீ.க்கு 1.3 யூனிட் எடுத்தால் 3 கி.மீ.யைத் தாண்டும். கேஸ் பஸ்ஸும் கிலோவுக்கு 3 கி.மீ.தான், அதற்கு முன் சுத்தம் செய்யவும் அமுக்கவும் தனியாக மின்சாரம் செலவு. போதாததற்கு, மின்சாரம் எடுக்கும் இன்ஜினின் சூடு டைஜெஸ்டரைச் சூடாக்க இலவசமாகக் கிடைக்கும். ஆக, கி.மீ. கணக்கில் எலெக்ட்ரிக் ஒரு தலை முந்துகிறது. என் வாழ்நாள் தொழில் கேஸ் என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

உலகமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. பெக்கலாகெட் கழிவுநீர் நிலையத்து கேஸில் 2010 வாக்கில் பஸ் ஓட்டிய நார்வே தலைநகர் ஆஸ்லோ, நகரப் பஸ்களைப் பெரும்பாலும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. பேட்டரி சுமக்கத் திணறும் நெடுந்தூர லாரிகளுக்கு கேஸ் போகட்டும் என்கிறார்கள். பிரிட்டனில் நாட்டிங்ஹாம் நகரம் மாடி பஸ்களை 2017 முதல் பயோகேஸில் ஓட்டுகிறது. அந்த முடிவை எடுத்தபோது மாடி பஸ்ஸுக்குத் தோதான பேட்டரி சந்தையில் இல்லை.

என் அபிப்பிராயம் இதுதான். ஏற்கெனவே சி.என்.ஜி. பஸ்ஸும் பங்க்கும் வாங்கிப் போட்டுவிட்ட ஊர், பக்கத்தில் நல்ல நிலையம் இருந்தால், தாராளமாகச் சாக்கடை கேஸை எடுத்துக்கொள்ளட்டும்; அந்த வண்டிகள் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும். எதுவுமே இல்லாத ஊர் இதற்காகப் புதிதாக கேஸ் பஸ் வாங்க வேண்டாம். எந்த வழி போனாலும் கசிவைப் பிடியுங்கள். கழுவும் கோபுரத்திலிருந்து வெளியேறும் காற்றிலும், ஸ்லட்ஜ் வெளியே போய்த் தங்கும் மூடாத தொட்டியிலும் மீத்தேன் சத்தமில்லாமல் தப்பும். அதைக் கணக்கில் சேர்க்காத அறிக்கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு செப்டிக் டேங்கில் கேஸ் பிடித்து ஸ்கூட்டர் ஓட்டலாமா?
– பெயர் வேண்டாம் என்றவர், கரூர்

கூடாது. நான்கு பேர் வீட்டில் நாளுக்கு 80 லிட்டர் கேஸ் வந்தாலே அதிகம், அது அடுப்பில் கால் மணி நேரம் எரியும். காப்பி போடலாம். அதற்காக மூடியைத் திறப்பது, தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். உள்ளே ஆளை இறக்கவே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அடுத்த நிமிடம் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிற அடுத்த ஆளும் விழுவார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். இப்படிச் சாவு நேர்ந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. கழிவு உறிஞ்சும் லாரிக்கு போன் செய்யுங்கள்.

இந்த விஷயத்தில் கல்லூரி ப்ராஜெக்ட் செய்ய ஆசை. என்ன செய்யலாம்?
– பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி, கோவில்பட்டி

தெர்மாகோலில் பஸ் பொம்மை மட்டும் செய்துவிடாதே அம்மா. உன் விடுதி மெஸ்ஸில் மிஞ்சும் சோற்றையும் ஸ்லட்ஜையும் எந்த விகிதத்தில் கலந்தால் அதிக மீத்தேன் வருகிறது என்று அளந்து பார். இயங்கும் டைஜெஸ்டரிலிருந்து கொஞ்சம் ஸ்லட்ஜ் வாங்கி, ஆய்வகத்தில் 35 டிகிரி வெந்நீர்த் தொட்டிக்குள் பாட்டில்களை வை. வருகிற கேஸைக் காஸ்டிக் சோடா கரைசல் வழியாக விட்டால் கார்பன் டை ஆக்ஸைடு அதில் தங்கிவிடும். மிச்சத்தைத் தண்ணீரை இடம்பெயர்த்து அளக்கலாம். ஒரு பாட்டிலில் சோறு போடாமல் வெறும் ஸ்லட்ஜ் மட்டும் வை. அதில் வரும் கேஸை மற்றவற்றிலிருந்து கழிக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு அமோக விளைச்சல் காட்டுவார்கள். சோறு கூடிப்போனால் அமிலம் ஏறி, பி.ஹெச். 6.5-க்குக் கீழே இறங்கும், கேஸ் நின்றுவிடும். அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடித்தாலே நல்ல ப்ராஜெக்ட். முப்பது நாளாவது ஓட விடு. பக்கத்தில் தீ வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஸ்லட்ஜ் வாங்கி வரும்போது கேனை முழுக்க நிரப்பி இறுக மூடிவிடாதே. வழியெல்லாம் அது வேலை செய்துகொண்டே இருக்கும், கேன் உப்பிவிடும். கால்வாசி இடம் விட்டு, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, நிமிர்த்தி வைத்துக் கொண்டு வா.